ஆயில் கேனில் உள்ள எழுத்துகளைப் படித்து வாங்குவது எப்படி?

கடையில் இருக்கும் இரண்டு இன்ஜின் ஆயில் கேன்களிலும் 5டபிள்யூ-30 என்றுதான் இருக்கும். தரக்குறியீடு மட்டும் ஒன்றில் ஏபிஐ எஸ்பி, இன்னொன்றில் ஏசிஇஏ சி3. விலையை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது வேறு வேறு ஆயில்.

படி 1: முதலில் காரின் மேனுவலில் ஆயில் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிரேடு, தரக்குறியீடு இரண்டும் அங்கே இருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட அதுதான் முக்கியம்.

படி 2: 5டபிள்யூ-30 என்பது கிரேடு மட்டுமே. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னுள்ளது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். தரத்தைப் பற்றி இது எதுவும் சொல்லாது.

படி 3: கேனில் வட்ட முத்திரையைத் தேடுங்கள். அது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐயின் உரிமம். வட்டத்தின் மேல் பாதியில் தரம், நடுவில் கிரேடு. ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோல், ‘சி’ என்றால் டீசல். பெட்ரோல் வரிசையில் புதியது பழையதற்கும் பொருந்தும்: மேனுவல் எஸ்என் கேட்டால் 2020-இல் வந்த எஸ்பியைத் தயங்காமல் போடலாம். டர்போ பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்வதையும், டைமிங் செயின் தேய்வதையும் ஆயில் குறைக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் எஸ்பியில் உண்டு.

படி 4: ஐரோப்பியக் கார் நிறுவனங்களின் சங்கமான ஏசிஇஏவின் எழுத்துகளை இப்படிப் படிக்கக்கூடாது. சி5 என்பது சி3-ஐவிட உயர்ந்தது அல்ல. அது மெல்லிய ஆயில். சி3 கேட்கும் இன்ஜினில் அதை ஊற்றாதீர்கள்.

150 டிகிரி சூட்டில், பாகங்கள் வேகமாக உராயும் இடத்தில் ஆயில் படலம் எவ்வளவு தாங்கும் என்று ஒரு அளவு இருக்கிறது. 30 கிரேடுக்கு 2.9 மில்லிபாஸ்கல்-நொடி இருந்தாலே போதும். ஏசிஇஏவின் ஏ3/பி4, சி3 வகைகள் இரண்டும் குறைந்தது 3.5 கேட்கின்றன. கிரேடு ஒன்றாக இருந்தும் ஆயில் வேறுபடுவது இதனால்தான்.

அடுத்தது சாம்பல். டீசல் காரின் புகைவடிகட்டியான டிபிஎஃப்பில் சேரும் கரி, சூடேறும்போது எரிந்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அங்கேயே தங்கி அடைக்கும். சி3-இல் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஏ3/பி4-இல் 1.6 வரை போகலாம். பிஎஸ்6 டீசல் கார்களில் பெரும்பாலும் டிபிஎஃப் உண்டு. அதனால் மேனுவல் ஏசிஇஏவின் ‘சி’ வகையைக் கேட்டால் ஏ3/பி4 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

படி 5: ஃபோக்ஸ்வேகன், மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ போன்றவை தங்களுக்கென்று தனி எண் வைத்திருக்கின்றன, ஃபோக்ஸ்வேகனின் 504 00/507 00 ஓர் உதாரணம். ஏசிஇஏ தரத்தை ஆயில் நிறுவனமே அறிவித்துக்கொள்கிறது. கார் நிறுவனத்தின் அனுமதி அப்படியல்ல, சோதனை முடிவுகளைப் பார்த்த பிறகே கிடைக்கும். கேனின் பின்பக்கத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘அப்ரூவல்’ என்று இருக்கிறதா, வெறும் ‘பொருத்தமானது’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.