பெயரை மாற்றினாலும் ஊருக்குத் தெரியும்: சமுதாய வானொலியில் நிதி திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பக்கத்து ஊர்ச் சமுதாய வானொலியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனைக்காக ஒருநாள் முழுக்க நேரலையில் நிதி திரட்டப் போகிறார்களாம். அதற்குத் தயாரித்து வைத்திருந்த ஸ்பாட்டை, அதாவது சின்ன அறிவிப்பை, ஃபோனில் போட்டுக் காட்டினார்கள். பாதி கேட்பதற்குள் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடத்துக்கு முன் எங்கள் வானொலிக்காக நான் எழுதியதும் கிட்டத்தட்ட இதே வரிகள்தான்.

மைக்கை அணைக்க மறப்பது, கரன்ட் போவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு பிள்ளையைக் காட்டிக் கேட்பது

நாங்களும் பெயரை மாற்றித்தான் சொன்னோம். ‘இரண்டாம் வகுப்புச் சிறுமி, அப்பா தறி ஓட்டுகிறார், ரத்தப் புற்றுநோய்.’ அவ்வளவுதான். ஆனால் நம் அலைவரிசை போய்ச் சேருவதே பத்துப் பதினைந்து கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் முடி கொட்டிப்போன இரண்டாம் வகுப்புப் பிள்ளை எத்தனை இருக்கும்? அன்று சாயங்காலமே டீக்கடையில் அவள் நிஜப் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள்.

சிகிச்சைக்கு நடுவே அவள் பள்ளிக்கூடம் போனபோது, எங்கள் பிள்ளையை அவள் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள் என்று இரண்டு வீட்டார் டீச்சரிடம் சொல்லிவிட்டார்கள். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. அதை அவள் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லவா முடியும்? “ரேடியோவுல சொல்லாம இருந்திருக்கலாம் தம்பி” என்றார். என்னிடம் அவர் சொன்னது அது ஒன்றுதான்.

அடுத்தது பணம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, இரண்டரை வருடம் சிகிச்சை ஓடும். அவளுடைய மருந்துச் செலவில் பெரும்பகுதியை அரசுக் காப்பீடு பார்த்துக்கொண்டதால், நாங்கள் திரட்டியதில் நிறைய மிஞ்சியது. பக்கத்துக் கட்டிலில் வேறு மாவட்டத்துப் பையன் ஒருவன். பஸ் காசுக்கும் அறை வாடகைக்கும் வழியில்லாமல் அவன் அப்பா ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். எங்கள் பணத்தைத் தொட முடியவில்லை. “அந்தப் பாப்பாவுக்குத்தானே கொடுத்தோம்” என்றார்கள் கொடுத்தவர்கள். நியாயம்தானே? நாங்கள் கேட்டதே அப்படித்தான். சிகிச்சை பாதியில் இருக்க, பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் அது குறைய ஒரு முக்கியக் காரணம், இப்படிப் பாதியில் நின்றுபோவது. அதைத் தடுக்கும் பணம் கையில் இருந்தும் நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்றைக்கும் அதே மாதிரி ஸ்பாட் காதில் விழுந்தால் எரிச்சல் வருகிறது.

வார்டுக்கென்று கேளுங்கள். ஒரு குடும்பம் ஒரு வாரம் தங்க வாடகை எவ்வளவு, கூட இருக்கும் அம்மாவின் சாப்பாட்டுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று மருத்துவமனையிலேயே விசாரித்து அந்தத் தொகையைச் சொல்லுங்கள். குரல் வேண்டுமென்றால் நர்ஸைப் பேச வையுங்கள். குணமாகி வளர்ந்து, தானே சம்மதித்து வருபவர் கிடைத்தால் இன்னும் நல்லது. வந்தவர்களின் ஸ்பாட்டில் நான்கு வரியை அடித்துவிட்டு இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

கணக்கு எண்ணை வாசிப்பது

தறி ஓட்டிக்கொண்டே கேட்பவர் பேனாவைத் தேட மாட்டார். ஒரே ஒரு ஃபோன் எண், நிதானமாக, இரண்டு தடவை.

பணத்தை நிலையத்தின் கணக்கில் வாங்குவது

வேண்டாம். நேராக மருத்துவமனைக் கணக்குக்கே போகட்டும். பணம் வாங்கிய அமைப்புதான் வருமான வரிச்சலுகைக்கான ரசீது தர முடியும். அப்புறம், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

‘தருகிறேன்’ என்றதையும் வசூலில் சேர்ப்பது

கைக்கு வந்ததை மட்டும் அறிவியுங்கள்.

பஞ்சுப் பொம்மை வாங்கிக் கொடுப்பது

கீமோ என்கிற புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்; பஞ்சில் கிருமி தங்கும். வார்டு நர்ஸைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

ஒரே நாளில் நூறு பேரை ரத்தம் கொடுக்க அனுப்புவது

இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி தேவைப்படுவது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். எடுத்த பிறகு ஐந்து நாள்தான் தாங்கும். முதல் வருடம் ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனோம். பெயரை எழுதிக்கொண்டு பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது பெயர், ரத்த வகை, ஃபோன் எண், கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கிறது. ரத்த வங்கியிலிருந்து ஃபோன் வந்தால் அதைப் பார்த்து இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுகிறோம்.