கேவி, எம்ஏஎஸ்: எக்ஸ்ரே கற்றையில் எது எதை மாற்றுகிறது?

எக்ஸ்ரே கருவியின் கன்சோல் (கட்டுப்பாட்டுப் பலகை) முன்னால் முதல் தடவை நிற்கும்போது எல்லா எண்களையும் ஒரேயடியாக மாற்றிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம், ஒவ்வொன்றாகப் போவோம். பழகும்போது ஃபான்டம் (உடல் உறுப்புக்குப் பதிலாக வைக்கும் மாதிரி) வைத்து மட்டும் எடுங்கள், கூடப் படிப்பவரின் கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

படி 1: கேவி

கேவி என்பது எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில். முதலில் இதை முடிவு செய்யுங்கள். குழாயின் ஃபிலமென்ட்டிலிருந்து (சூடான கம்பியிலிருந்து) கிளம்பும் எலக்ட்ரான்கள் எதிரே உள்ள டங்ஸ்டன் இலக்கில் எவ்வளவு வேகத்தில் போய் மோதுகின்றன என்பது கேவியைப் பொறுத்தது, அதனால் கற்றையின் ஊடுருவும் திறனும் அதைப் பொறுத்தது. 70 கேவி வைத்தால் 70 என்பது ஃபோட்டான்களின் (எக்ஸ்ரே துகள்களின்) உச்ச ஆற்றல் மட்டும்தான், சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் இருக்கும். கைக்கு 50 முதல் 60 போதும்; மார்புக்கு கிரிட் (சிதறும் கதிரைத் தடுக்கும் தட்டு) வைத்து 110, 120 வரை போவோம். கேவி ஏற ஏற கான்ட்ராஸ்ட் (படத்தில் கருப்பு வெள்ளை வேறுபாடு) குறையும்.

படி 2: எம்ஏஎஸ்

குழாயில் ஓடும் மின்னோட்டத்தை (எம்ஏ, மில்லிஆம்பியர்) விநாடியால் பெருக்கினால் வருவது எம்ஏஎஸ்; ஃபோட்டான்களின் எண்ணிக்கை இதைப் பொறுத்தது. 200 எம்ஏ, 0.1 விநாடி என்றால் 20 எம்ஏஎஸ். 400 எம்ஏ, 0.05 விநாடி வைத்தாலும் அதே 20தான், ஆனால் அழுகிற குழந்தைக்கு இரண்டாவதுதான் சரி, அசைவதற்குள் முடிந்துவிடும். எம்ஏஎஸ்ஸை இரண்டு மடங்காக்கினால் ஃபோட்டான்கள் இரண்டு மடங்காகும், ஆனால் அவற்றின் ஊடுருவும் திறன் கொஞ்சமும் கூடாது. இடுப்பு எலும்பு தெரியவில்லை என்று எம்ஏஎஸ்ஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் கதிரின் பெரும்பகுதியை நோயாளியின் உடம்பே உறிஞ்சிவிடும்.

படி 3: இரண்டையும் சேர்த்து

கேவியை 15% கூட்டினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். 70 கேவி, 20 எம்ஏஎஸ் என்பதை 80 கேவி, 10 எம்ஏஎஸ் ஆக்கிப் பாருங்கள், டிடெக்டருக்கு (கதிரை வாங்கிப் படமாக்கும் தட்டுக்கு) ஏறக்குறைய அதே அளவுதான் வந்து சேரும்.

அப்புறம் குழாய்க்கும் டிடெக்டருக்கும் இடையே உள்ள தூரம்: 100 செ.மீ.யை 200 ஆக்கினால் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

படி 4: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

டிஜிட்டலில் வெளிச்சத்தை மென்பொருளே சரிசெய்துவிடுகிறது, அதனால் மானிட்டரில் பளிச்சென்று தெரிவதை நம்ப முடியாது. எம்ஏஎஸ் குறைந்திருந்தால் தடிமனான பகுதியில் மணல் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாக இருக்கும், அது உடனே கண்ணில் பட்டுவிடும். அதிகமாகிவிட்டால்தான் ஆபத்து, படம் இன்னும் சுத்தமாக வரும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், நோயாளி மட்டும் தேவையில்லாத டோஸை (கதிர் அளவை) வாங்கிக்கொண்டு போவார். ஒவ்வொரு படத்துக்கும் ஓரத்தில் வரும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸை (டிடெக்டருக்கு எவ்வளவு கதிர் வந்தது என்று காட்டும் எண்ணை)ப் படித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.