ஒத்தைக்கு ஒத்தை: ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களுக்குள் ஆன்லைன் எழுத்துப் போட்டி நடத்துவது எப்படி?

மார்த்தாண்டத்தில் இரண்டு பேர், நாகர்கோவிலில் ஒருவர், குளச்சலில் ஒருவர், ஷார்ஜாவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். இப்படி எழுத ஆறு பேர் சேர்ந்தாலே ஐந்து வாரத்துக்கு ஒரு நல்ல போட்டித் தொடர் நடத்திவிடலாம். தேவை ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு கூகுள் ஷீட். காசு செலவு கிடையாது.

ஆட்டம் இவ்வளவுதான்: இரண்டு பேருக்கும் ஒரே தலைப்பு, ஒரே நேரம், ஒரே அளவு. எழுதியது யார் என்று தெரியாத மூன்று நடுவர்கள் இரண்டையும் படித்து எது மேல் என்று சொல்வார்கள். மார்க் போடுவதில்லை. பத்துக்கு ஏழரை, ஏழே முக்கால் என்று மார்க் போட ஆரம்பித்தால் ஒரு நடுவர் தாராளம், இன்னொருவர் கஞ்சன்; கடைசியில் அந்தக் கணக்குதான் ஜெயிக்கும். இரண்டில் எது என்று கேட்டால் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள்.

முதலில் ஆட்கள்

எழுத ஆறு பேர், தீர்ப்புச் சொல்ல மூன்று பேர், நடத்த ஒருவர். மொத்தம் பத்து. நடத்துபவர் எழுதவும் கூடாது, நடுவராகவும் இருக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறையில் பலரும் முதலில் மீறுவது இந்த விதியைத்தான். நடத்துபவருக்கு யார் எழுதியது எது என்று தெரியும். அவரே ஓட்டும் போட்டால் பெயரை மறைத்ததற்கு அர்த்தமே இல்லை.

நடுவர்களை எழுதுபவர்களின் நெருங்கிய வட்டத்துக்கு வெளியே தேடுங்கள். அதற்காக முழுக்க வெளியூர் ஆட்களாகவும் வேண்டாம். இங்கே குமரி மாவட்டத்தில் ஒருவர் ‘மரச்சீனி’, ‘சாயா’, ‘ஏத்தன் பழம்’ என்று எழுதினால், சென்னை நடுவர் அதைப் பிழை என்று நினைத்து மரவள்ளி, டீ, நேந்திரம் என்று திருத்தப் பார்ப்பார். மூவரில் இருவராவது குமரித் தமிழ் காதில் விழுந்து வளர்ந்தவர்களாக இருக்கட்டும். மூன்றாமவர் வெளியூர்க்காரராக இருப்பது நல்லது. மாவட்டத்துக்கு வெளியே ஒரு வாசகருக்கு எது புரியவில்லை என்று அவர்தான் சொல்வார். ஃப்ரீலான்ஸ் வேலையில் வாடிக்கையாளர் பெரும்பாலும் வெளியூர்தானே.

அட்டவணை

நாக்-அவுட் வைக்காதீர்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் முதல் வாரமே பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பயிற்சி அதிகம் தேவைப்படுபவருக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் கிடைக்கும். எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் முறைதான் நட்புப் போட்டிக்கு ஏற்றது. ஆறு பேருக்கு 15 ஆட்டம், வாரம் மூன்று வீதம் ஐந்து வாரம். எட்டுப் பேர் என்றால் 28 ஆட்டம், ஏழு வாரம். அதற்கு மேல் போனால் நடுவர்கள் களைத்துவிடுவார்கள்.

ஜோடி சேர்க்க ஒரு சுலப வழி உண்டு. குலுக்கல் போட்டு ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். மேல் வரிசையில் 1, 2, 3 என்றும் அதன் கீழே 6, 5, 4 என்றும் எழுதுங்கள். மேலும் கீழுமாக இருப்பவர்கள் மோதுவார்கள். அடுத்த வாரம் 1-ஐ அசைக்காமல், மற்ற ஐந்து எண்களையும் கடிகாரம் சுற்றுகிற பக்கம் ஓர் இடம் நகர்த்துங்கள். வருவது இது:

முதல் வாரம்: 1-6, 2-5, 3-4
இரண்டாம் வாரம்: 1-5, 6-4, 2-3
மூன்றாம் வாரம்: 1-4, 5-3, 6-2
நான்காம் வாரம்: 1-3, 4-2, 5-6
ஐந்தாம் வாரம்: 1-2, 3-6, 4-5

ஒரு ஜோடிகூட இரண்டாவது தடவை வராது. ஐந்து பேர்தான் கிடைத்தார்கள் என்றால் இதே அட்டவணையை வைத்துக்கொண்டு 6 என்ற எண்ணை ஓய்வாக வையுங்கள். அந்த வாரம் 6-ஓடு ஜோடி சேருபவருக்கு ஆட்டம் இல்லை.

வெற்றிக்கு 2 புள்ளி. மூன்று நடுவர் என்பதால் சமநிலை வராது. கடைசியில் இருவர் ஒரே புள்ளியில் நின்றால், ஐந்து வாரத்திலும் யாருக்கு நடுவர் ஓட்டு அதிகம் என்று பாருங்கள். 3-0 என்று ஜெயித்ததும் 2-1 என்று ஜெயித்ததும் அங்கேதான் வேறாகும். அதிலும் சமம் என்றால், அவர்கள் இருவரும் மோதிய ஆட்டத்தில் ஜெயித்தவர் மேலே.

தலைப்பு கொடுக்கும் விதம்

‘மழை’, ‘அம்மா’, ‘கடல்’ போன்ற தலைப்புகளைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு விட்டுவிடுங்கள். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கு உதவுவது வேலை மாதிரியான தலைப்பு: முட்டத்தில் இருக்கும் ஒரு விருந்தினர் இல்லத்துக்கு அறிமுகம், தோவாளைப் பூச்சந்தை பற்றி ஒரு நிமிட வீடியோவுக்கு வசனம், மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு தகவல் பலகை, மார்த்தாண்டம் தேன் விற்கும் கடைக்கு இணையதள விளக்கம்.

தலைப்போடு கட்டாயம் ஒரு தகவல் சீட்டும் கொடுங்கள். இது இல்லாவிட்டால் 45 நிமிடத்தில் 20 நிமிடம் கூகுளில் தேடுவதிலேயே போகும். நெட் வேகமாக இருப்பவர் ஜெயிப்பார். நான்கைந்து வரி போதும். தொட்டிப் பாலத்துக்கு: பறளியாற்றின் குறுக்கே, 1966-இல் கட்டி முடித்தது, உயரம் 115 அடி, பாசனத் தண்ணீர் போவதற்காகக் கட்டியது, மேலே நடந்து போகலாம். மட்டி வாழைப்பழம் தலைப்பு என்றால்: விரல் நீளச் சின்னப் பழம், மெல்லிய தோல், குழந்தைகளுக்கு ஊட்டும் வழக்கம், 2023-இல் புவிசார் குறியீடு. சீட்டில் இல்லாத எண்ணையோ ஆண்டையோ சேர்க்கக் கூடாது என்று விதி வையுங்கள். நடுவர் ஒவ்வொன்றையும் சரிபார்க்கத் தேவையிருக்காது.

ஒரே வாரத்தில் மூன்று ஜோடிக்கும் ஒரே தலைப்பு போதும். யாருடைய உண்மையான வாடிக்கையாளர் வேலையையும் தலைப்பாக வைக்கக் கூடாது. ஆறு பேர் சும்மா எழுதித் தந்ததை ஒருவர் காசாக்கிவிட்டார் என்ற பேச்சு ஒரு தடவை வந்தால் குழு அன்றோடு முடிந்தது.

அளவு: சொல்லை எண்ணாதீர்கள்

தமிழில் ‘250 சொல்’ என்று வரம்பு வைப்பது ஓட்டைப் பானை. ‘வந்து கொண்டிருக்கிற படியால்’ என்று பிரித்தால் மூன்று சொல். சேர்த்து ‘வந்துகொண்டிருக்கிறபடியால்’ என்று எழுதினால் ஒரே சொல். இரண்டும் தப்பில்லை. இதைக் கவனித்தவர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி முப்பது சொல் கூடுதலாக நுழைத்துவிடுவார்.

ஆகவே கணினி எண்ணும் குறிகளை வரம்பாக வையுங்கள். கூகுள் டாக்ஸில் கருவிகள் மெனுவுக்குள் சொல் எண்ணிக்கையைத் திறந்தால், இடைவெளி நீங்கலான எண்ணிக்கையும் தெரியும். அதில் 2,000 என்று வைத்தால் சுமார் 250 சொல் வரும்.

இதை முதல் நாளே விளக்கிவிடுங்கள், ஏனென்றால் அந்த எண்ணும் நம் எழுத்துக் கணக்கும் ஒன்றல்ல. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிகளுக்குப் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் ஐந்து குறி, இகரக் குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். ‘நாகர்கோவில்’ ஆறு எழுத்து, பதினொரு குறி. இது தெரியாமல், கணினி தப்பாக எண்ணுகிறது என்று யாராவது ஒருவர் முதல் வாரம் வழக்குப் போடுவார்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முக்கியமாக அச்சக வேலை பார்த்து வந்தவர்கள். அதை ஃபார்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடு மட்டும் என்று சொல்லி, முதல் போட்டிக்கு முன்பே ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

போட்டி இரவு

சனிக்கிழமை இரவு 8 மணி நல்ல நேரம். ஏழு மணி என்று வைத்தால் பல வீடுகளில் குடும்ப ஜெபம், விளக்கு வைக்கும் நேரம். ஞாயிறு காலை பாதிப் பேர் ஆலயத்தில் இருப்பார்கள். நமக்கு 8 என்றால் ஷார்ஜாவில் மாலை 6.30, சவூதியிலும் கத்தாரிலும் 5.30, சிங்கப்பூரில் இரவு 10.30. அறிவிப்பில் எப்போதும் ‘இந்திய நேரம்’ என்று எழுதுங்கள். ஷீட்டின் அமைப்புகளில் நேர மண்டலம் இந்தியாவுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் பதிவு நேரம் குழப்பும்.

7.55-க்கு குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடுங்கள். 8.00-க்குத் தலைப்பு, தகவல் சீட்டு, ஃபார்ம் லிங்க் மூன்றையும் ஒரே செய்தியாகப் போடுங்கள். 8.45 வரை எழுத்து, ஒட்டி அனுப்ப ஐந்து நிமிடம். 8.50-க்கு ஃபார்மில் பதில் வாங்குவதை நிறுத்துங்கள். போனில் தட்டச்சு செய்பவர்களும் இருப்பார்கள் என்பதால்தான் 45 நிமிடம். குரல் தட்டச்சு வசதியைத் தாராளமாக அனுமதிக்கலாம்.

எல்லாரும் கூகுள் டாக்ஸில் எழுதி, முடித்த பிறகு ஃபார்மில் ஒட்டட்டும். நேராக ஃபார்மில் எழுதினால், ஒரு அழைப்பு வந்து பக்கம் மறுபடி திறக்கும்போது எழுதினது போயே போய்விடலாம்.

மழை வேறு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமும் உண்டு. பேச்சிப்பாறை, ஆறுகாணிப் பக்கம் ஒரு காற்றடித்தால் கரண்டும் போகும், டவரும் போகும். அதற்கு ஒரு விதி: சிக்கல் வந்தவர் 8.50-க்குள் நடத்துபவரைச் சாதாரணப் போன் அழைப்பில் கூப்பிட்டுச் சொன்னால் பதினைந்து நிமிடம் கூடுதல், எதிராளிக்கும் அதே பதினைந்து. சொல்லாமல் விட்டால் 0-3. இரண்டு வாரம் வராதவரின் எல்லா முடிவுகளையும் நீக்கிவிடுங்கள். வந்த வாரத்தில் அவரிடம் தோற்றவருக்கு மட்டும் நஷ்டம் என்றால் அது அநியாயம். டிசம்பர் 3-ஐ ஒட்டிய நாள்களில், கோட்டாறு சவேரியார் ஆலயத் திருவிழா சமயத்தில், போட்டி வைத்தால் ஆளே கிடைக்காது.

பெயர் கசியும் இடங்கள்

டாக்ஸ் லிங்கை நடுவருக்கு அனுப்பினால் உரிமையாளர் பெயர் தெரிந்துவிடும். வேர்டு கோப்பின் உள்விவரத்திலும் எழுதியவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஃபார்மில் வந்த எழுத்தை மட்டும் எடுத்து, வடிவமைப்பு இல்லாமல் ஒரு புதிய டாக்ஸில் ஒட்டி நடுவருக்கு அனுப்புங்கள்.

பெயருக்குப் பதில் பூப்பெயர் வைக்கலாம்: பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி, கனகாம்பரம். வாராவாரம் மாற்றிக் கொடுங்கள். ஒருவரே ஐந்து வாரமும் பிச்சியாக இருந்தால் நடுவர் மூன்றாவது வாரம் அவருக்கு ரசிகராகிவிடுவார். ஜோடியில் எது முதலில் வர வேண்டும் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். முதலில் படித்தது மனதில் ஒரு இடம் பிடிக்கும் என்பது நடுவர்களே ஒத்துக்கொள்ளும் விஷயம்.

முழுதாக அடைக்க முடியாத கசிவு ஒன்று உண்டு: வட்டார வழக்கு. மாவட்டத்தின் மேற்கே விளவங்கோட்டுத் தமிழும் கிழக்கே அகஸ்தீஸ்வரத்துத் தமிழும் ஒன்றல்ல. மேற்கே போகப் போக மலையாள வாடை ஏறும். பழகிய நடுவர் இரண்டு வரியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். வழக்கைத் தடை செய்வது இதற்குத் தீர்வல்ல, எழுத்து உயிரை இழக்கும். எழுதுபவர்களை முன்பின் அறியாத நடுவரை வைப்பதும், பேச்சு நடை தலைப்பையும் பொது நடைத் தலைப்பையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதும்தான் வழி.

வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் தீர்ப்பு வைக்கவே வைக்காதீர்கள். யார் எதற்குப் போட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் நடுவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போடுவார்.

தீர்ப்பு

நடுவர்களுக்குத் தனி ஃபார்ம். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டே கேள்வி: எது மேல்? எந்த வரி உங்களை அந்தப் பக்கம் இழுத்தது? இரண்டாவதற்கு எழுத்திலிருந்தே ஒரு வரியை அப்படியே எடுத்துப் போட வேண்டும். ‘நல்ல ஓட்டம்’, ‘அருமையான நடை’ என்ற பதில் யாருக்கும் பிரயோஜனப்படாது. தோற்றவருக்கும் ஒரு வரி: எதை மாற்றினால் இது ஜெயித்திருக்கும். வாரம் ஆறு எழுத்து, மொத்தம் ஏறக்குறைய 1,500 சொல். அரை மணி நேர வேலை. செவ்வாய் இரவுக்குள் வேண்டும் என்று கெடு வையுங்கள்.

எதைப் பார்ப்பது என்றும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். முதலில், கொடுத்த வேலையைச் செய்ததா? தேன் விளக்கம் படித்தால் வாங்கத் தோன்ற வேண்டும். கவிதையாக இருந்து பாட்டிலில் என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால் அது தோல்வி. அடுத்தது தெளிவு. ஒற்றுப்பிழை கடைசி, வேறெல்லாம் சமம் என்றால் மட்டும். தமிழில் இந்த வரிசையைச் சொல்லாவிட்டால், ஒரு வல்லின மெய் விடுபட்டதற்காக நல்ல எழுத்து தோற்கும்.

புதன்கிழமை பெயர்களோடு இரண்டு எழுத்தையும் நடுவர் குறிப்புகளையும் ஒரே செய்தியாக வெளியிடுங்கள். தீர்ப்பை மாற்றக் கேட்க இடமில்லை, காரணம் கேட்கலாம்.

ஏஐ பற்றி விதியை முதல் நாளே எழுத்தில் வையுங்கள். பிழை பார்க்கச் சரி, எழுதித் தரச் சொல்லக் கூடாது என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஏஐ எழுத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்னும் கருவிகளைத் தமிழுக்கு நம்பி யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். புகார் வந்தால் அந்த டாக்ஸின் பதிப்பு வரலாற்றை நடத்துபவர் மட்டும் பார்க்கட்டும்: வரி வரியாக வளர்ந்ததா, ஒரே ஒட்டலில் முழுசாக விழுந்ததா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

காசும் உரிமையும்

நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். நூறு ரூபாய் வந்தாலும் கணக்கு கேட்க ஆள் வரும், அடுத்த தீர்ப்பிலிருந்து நடுவருக்கும் நிம்மதி இருக்காது. முதலிடத்துக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு புத்தகம், ஊரில் இருப்பவர்களுக்குள் தோற்றவர் செலவில் ஒரு சாயா, அது போதும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். பதிவு செய்வது கட்டாயமில்லை. குழு அதைப் பயன்படுத்த வேண்டுமானால் அவரிடம் கேட்க வேண்டும். எழுத்துகளைப் பொது இடத்தில் போட அவசரப்படாதீர்கள். ஒரு தடவை இணையத்தில் வந்துவிட்டால், ஏற்கனவே வெளியானது என்று பல இதழ்கள் வாங்காது. மூடிய குழுவுக்குள்ளேயே வைத்திருந்தால், தொடர் முடிந்ததும் அவரவர் திருத்தி, வேலை கேட்டுப் போகும் இடத்தில் மாதிரியாகக் காட்டலாம். அப்படிக் காட்டும்போது ‘பயிற்சிக்காக எழுதியது’ என்று மேலே ஒரு வரி போட்டுவிட வேண்டும். அந்தத் தேன் கடையே தந்த வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.