தக்கை நொறுங்கிய இரவு

மைத்துனர் பணி ஓய்வு பெற்ற அன்று, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் 1996ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் போர்தோ சிவப்பு வைனைத் திறந்தேன். தக்கை பாதியில் ஒடிந்து, மீதி தூளாகி உள்ளே விழுந்தது. படுக்க வைத்திருந்த புட்டியை அப்படியே தூக்கி வந்ததால் வண்டலும் கலங்கிவிட்டது. மல்துணியில் வடித்தேன், தூள் போனது, கலங்கல் போகவில்லை. "அத்தான், இந்தக் கஷாயத்துக்கா இத்தனை பீடிகை?" என்றார் அவர்.

வண்டல் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. துவர்ப்பைத் தரும் டானினும் நிறமிகளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, அடியில் படிகின்றன. பழைய வைனின் துவர்ப்புக் குறைவதும் நிறம் செங்கல்போல் மாறுவதும் அதனால்தான். நாக்கில் பட்டால் மட்டும் நறநறவென்று கசக்கும்.

நல்லவேளை, இன்னொரு புட்டி இருந்தது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தேன். 'அறை வெப்பத்தில் அருந்தவும்' என்பது ஐரோப்பிய அறைகளுக்கான பேச்சு. கோலாலம்பூர் அறை 30 டிகிரி. வெளியே எடுத்து, 17 டிகிரியைத் தொடும்வரை காத்திருந்தேன். தக்கைத் திருகியை ஒதுக்கிவிட்டு, தக்கையின் இருபுறமும் செருகும் மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பானைப் பயன்படுத்தினேன். தக்கை முழுதாக வந்தது. புட்டிக் கழுத்தின் கீழே கைப்பேசி விளக்கைப் பிடித்து, ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினேன். வண்டலின் கரிய இழை ஒன்று புட்டியின் தோள்பகுதிக்கு வந்ததும் நிறுத்தினேன்.

முதலில் ஈரமண், பிறகு புகையிலை, கடைசியில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி வாசம்! இவ்வளவு மூத்த வைன் காற்றுப் பட்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் உடனே பரிமாறினேன். மைத்துனர் பேசாமல் கிளாஸை மீண்டும் நீட்டினார்.