நிலவியல் பிஎச்டி: கல்லுக்கும் கணக்கு போடுங்கள்

கடைசித் தேதியைத் தவறவிடுவது, சான்றிதழில் பெயர் மாறியிருப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒவ்வொரு சேர்க்கையின்போதும் கெட்டிக்கார மாணவர்களே போய் விழும் குழிகள் வேறு.

நெட் பாஸ் என்றால் பணம் வரும் என்று நம்புவது

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் முடிவு 2024 முதல் மூன்று வகையாக வருகிறது. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) வகையில் வந்தவருக்கு மட்டுமே உதவித்தொகை: முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. மற்ற இரண்டு வகைகளும் பிஎச்டி சேர்க்கைக்கு உதவும், அதுவும் ஓராண்டுக்குத்தான்.

புராஜெக்ட் ஜேஆர்எஃப்

பெயர் ஒன்று, சங்கதி வேறு: இது நெட் உதவித்தொகை அல்ல, பேராசிரியரின் ஆய்வு புராஜெக்ட் பணத்திலிருந்து வரும் சம்பளம். புராஜெக்ட் முடிகிற மாதம் சம்பளமும் நின்றுவிடும், ஆய்வேடு பாதியில் இருக்கும். சேருமுன் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று கேளுங்கள்.

கல்லுக்குக் கணக்கு போடாத ஆய்வுத் திட்டம்

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருவது இதில்தான். திட்ட அறிக்கையில் பத்துப் பக்கம் டெக்டானிக்ஸ் (புவியோட்டின் அசைவு பற்றிய கதை) இருக்கும். செய்முறைக்கு ஒரே வரி: ‘சிர்க்கான் பிரித்து யுரேனியம்-ஈய வயது கணக்கிடப்படும்.’ நேர்காணலில் “எங்கே பிரிப்பீர்கள், யார் காசில்?” என்று கேட்டால் பதில் வராது.

சிர்க்கான் என்பது பாறைக்குள் இருக்கும் சிறு கனிம மணி; அதிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியது என்பதை வைத்து வயது சொல்வார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். ஒரு மாதிரிக்கு 3 முதல் 5 கிலோ பாறை வேண்டும். பழுப்பேறிய மேல்தோலைச் சுத்தியலால் தட்டி எறிந்த பிறகு மிஞ்சும் எடை அது. 20 மாதிரி என்றால் 80 கிலோ, லாரி பார்சலில்தான் வரும். கிரஷரில் உடைத்து, சலித்து, நீரில் அலசி, காந்தப் பிரிப்பானில் ஓட்டி, புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் போட வேண்டும். அதன் அடர்த்தி 2.89, குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும், சிர்க்கான் அடியில் தங்கும். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையில் கிரஷரைத் துடைக்காவிட்டால் முந்தைய கல்லின் சிர்க்கான் இதில் கலந்துவிடும். பிறகு மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஊசிமுனையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, எபாக்சியில் பதித்து, மணியின் உள்பக்கம் தெரியும்வரை பாலிஷ் போட்டு, மணிக்குள் இருக்கும் வளர்ச்சி அடுக்குகளைக் காட்டும் சிஎல் (கேதோடோலூமினசன்ஸ்) படம் எடுக்க வேண்டும். வயதை அளக்கும் லேசர் கருவி அதற்கு அப்புறம்தான்.

பணம் போதவில்லை என்று சிஎல் படத்தை விட்டுவிடுபவர்கள் உண்டு. மதுரை வட்டாரத்தின் சார்னோகைட் பாறையில் சிர்க்கானின் கருவுக்கு ஏறக்குறைய 250 கோடி ஆண்டும், அதைப் போர்த்திய விளிம்புக்கு ஏறக்குறைய 55 கோடி ஆண்டும் வயது இருக்கலாம். லேசர் புள்ளி இரண்டின் மேலும் சேர்ந்து விழுந்தால் இடையில் ஏதோ ஒரு வயது வரும். அந்த வயதில் அங்கே எதுவுமே நடந்திருக்காது. அதை நம்பி ஓர் அத்தியாயம் எழுதினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது போய்விடும்.

சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃபுக்கு ஆய்வுச் செலவுக்கென்று வரும் கன்டின்ஜென்சி ஆண்டுக்கு 20,000 ரூபாய். களப்பயண ஜீப்புக்கே அது கரைந்துவிடும். உதவித்தொகை உங்களுக்குச் சோறு போடும், கல்லுக்குப் போடாது.

அதனால் வழிகாட்டிக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே கேளுங்கள்: பகுப்பாய்வுச் செலவை எந்த புராஜெக்ட் ஏற்கும், எந்தக் கருவி துறையிலேயே இருக்கிறது, வெளியே அனுப்பினால் எத்தனை மாதக் காத்திருப்பு. புது டில்லி ஐயுஏசி (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான ஆய்வு மையம்) போன்ற இடங்களில் கருவி நேரம் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. திட்ட அறிக்கையில் ஓர் அட்டவணை சேருங்கள்: மாதிரி எண்ணிக்கை, எடை, ஆய்வகம், கட்டணம், மாதம். 60 மாதிரி என்று எழுதிவந்தவர்கள் இதைப் போட்டதும் 12க்கு இறங்குவார்கள். இறங்கட்டும். கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த மெல்லிய வெட்டை மைக்ரோஸ்கோப்பில் ஒழுங்காகப் படித்துத் தேர்ந்த 12 கற்கள், கண்மூடி அள்ளிய 60ஐவிட அதிகம் பேசும்.

யாரும் ஆராயாத பகுதி என்று எழுதுவது

அப்படி எழுதுமுன், இந்திய நிலவியல் ஆய்வு மையத்தின் வரைபடங்களும் தரவுகளும் இருக்கும் பூகோஷ் (Bhukosh) தளத்தைத் திறந்து பாருங்கள்.

வழிகாட்டியின் ஓய்வுத் தேதி

யுஜிசியின் 2022 விதிப்படி, ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 மாணவர்கள்தான் வரம்பு. காலியிடம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம்

ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

வன அனுமதி

காப்புக்காட்டில் கல் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே விண்ணப்பியுங்கள். மழை ஓய்ந்து ஜனவரியில் களத்துக்குக் கிளம்பும்போது தாள் கையில் இருக்க வேண்டும்.