மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்கு

நாலு வருடம் வீடியோ பார்த்தே புல்லாங்குழல் பழகினேன். சினிமாப் பாட்டு ஓரளவு வரும். 'ம' என்ற மத்திம ஸ்வரத்திலிருந்து அடுத்த 'ப'வான பஞ்சமத்துக்குப் போனால் மட்டும் கீச்சென்று ஒரு பிசிறு, இல்லையென்றால் தாழ்ந்து ஒலிக்கும் கீழ் ஸ்தாயிப் பஞ்சமம். கர்நாடகக் குழலில் அந்த இடமே வில்லங்கம்தான். மத்திமத்துக்கு எல்லாத் துளையும் திறந்திருக்கும். பஞ்சமத்துக்கு விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும், காற்றும் மெல்லிய கீற்றாகக் கூர்மையாக வேண்டும். நான் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக ஊதினேன். குழல்தான் மட்டம் என்று மூன்று குழல் வேறு வாங்கினேன்.

ஒருவழியாக 43 வயதில் வகுப்புக்குப் போனேன். ஆசிரியர் என்னைவிட ரொம்பச் சின்னவர். பாட்டெல்லாம் கேட்கவில்லை. மெதுவாக ஊதிக்கொண்டே மேலிருந்து ஒவ்வொரு துளையாக மூடச் சொன்னார். ஆறாவது துளையில் ஒலி உடைந்தது.

"சார், மோதிர விரல் ஓரத்துல காத்து கசியுது பாருங்க."

விரல் நுனியால் மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். சதைப்பகுதியால் மூட வேண்டுமாம். வீடியோக்காரர் விரலை நான் பார்க்கலாம், என் விரலை அவர் எங்கே பார்ப்பது?

அப்புறம் தம்புரா செயலியை ஓடவிட்டு, மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சி, மூன்று கால வேகத்திலும். அலுப்புதான். பக்கத்தில் ஒரு பத்து வயதுப் பெண் என்னைவிட நன்றாக வாசித்தாள். இரண்டாம் மாதம் பஞ்சமம் சுத்தமாக விழுந்தது.

முதலில் வாங்கிய குழலைத்தான் இப்போதும் வாசிக்கிறேன். மற்ற மூன்றும் பையன் கையில் வாளாகிவிட்டன.