குயர் கோட்பாட்டை மலையகத்தில் இருந்து வாசிக்க ஒரு வழி

ஆண், பெண், கல்யாணம், ‘இயல்பு’ என்று நாம் போடும் கோடுகள் எப்படி வந்தன என்று கேட்கும் குயர் கோட்பாட்டை வாசிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பலரும் முதலில் கையில் எடுப்பது அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லரின் ‘ஜென்டர் ட்ரபிள்’ஐத்தான். அங்கே தொடங்க வேண்டாம். 1990இல் வந்த அந்தப் புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே ஆளைக் களைக்க வைத்துவிடும், அப்புறம் இதெல்லாம் படித்த கொழும்புக்காரர்களுக்கு என்று மூடி வைத்துவிடுவீர்கள். அமெரிக்க மானிடவியலாளர் கேயில் ரூபின் 1984இல் எழுதிய ‘திங்கிங் செக்ஸ்’ கட்டுரையில் தொடங்குங்கள்.

அதில் ஒரு வட்டம் வரும். உள்ளே, சமூகம் ‘நல்லது’ என்று ஒத்துக்கொள்ளும் உறவு: ஆணும் பெண்ணும், கல்யாணம் கட்டி, ஒருவருக்கு ஒருவர் என்று, பிள்ளை பெறுவதற்காக, வீட்டுக்குள்ளே. மற்றதெல்லாம் வெளியே. இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரு கொப்பியை எடுத்து, அதே வட்டத்தை நம்ம தேயிலைத் தோட்டத்துப் பேச்சை வைத்துப் போடுங்கள். முறை மாப்பிள்ளையைக் கட்டியவள் உள்ளே. ஓடிப்போய்க் கட்டியவள் கோட்டின் மேல் நிற்கிறாள், ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் மெல்ல உள்ளே எடுத்துக்கொள்வார்கள். சாதி மாறிக் கட்டியவள், புருஷன் விட்டுப்போனவள், நாற்பது தாண்டியும் கட்டாத ஆள், ஒரே காம்பராவில் (லயத்து அறையில்) சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள், எல்லோரும் வெளியே. ரூபினின் வட்டத்தில் முறையும் கிடையாது, சாதியும் கிடையாது. நம்ம வட்டத்தில் முதல் கோடே அதுதான். இந்த வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டால் நீங்கள் ஒழுங்காக வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து மனதில் எழும் பதில், ‘காலங்காலமாக இப்படித்தானே’ என்பது. அதைக் கண்டியை வைத்தே சோதித்துப் பாருங்கள். கண்டிச் சிங்களவர்களிடையே அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே மனைவியோடு வாழ்வது ஏற்றுக்கொள்ளப்பட்ட கல்யாணமாக இருந்தது. 1859இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான் அதைத் தடை செய்தது. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவும் அவனுடைய 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையில் வந்ததுதான். அதே கோவையில் ‘ஆபாச நடத்தை’ பற்றிய 365அ பிரிவில் 1995 வரை ஆண்கள் மட்டுமே இருந்தார்கள், அந்த வருடத் திருத்தத்தில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டு பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் ‘பாலியலின் வரலாறு’ முதல் தொகுதிக்குப் போனால் (1976), ஒரு காலத்தில் ஒரு செயலாக மட்டும் பார்க்கப்பட்டதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவம் ஒரு தனி ‘வகை மனிதன்’ ஆக்கியது என்று அவர் சொல்வது உடனே பிடிபடும்.

இப்போது பட்லர். தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டும் ஆணைப் பார்த்திருப்பீர்கள், பாலினம் என்பது நாம் செய்து செய்து உண்டாக்குவது என்று பட்லர் சொல்வது இந்த வேஷத்தைத்தான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ரதியின் அரிதாரம் விடிந்ததும் கலைந்துவிடும். பட்லர் பேசுவது கலைக்க முடியாததைப் பற்றி: சின்ன வயதிலிருந்து ‘பொம்பளப் புள்ள மாதிரி உட்காரு’ என்று சொல்லிச் சொல்லி, தினமும் செய்து செய்து, கடைசியில் பிறவிக் குணம் போலவே ஆகிவிடும் அந்த உட்காருதல், நடத்தல், குரல். ரதியாக ஆடியவர் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கிறாரே, அந்த நடையைத்தான் பட்லரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒரே ஃபோன் எல்லோர் கையிலும் போகும் என்றால் கட்டுரைகளை அதில் இறக்கி வைக்காதீர்கள். நம்பிக்கையான இடத்தில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை வாசிப்பவரைப் பற்றி ஊர் கதை கட்டும், பாதுகாப்பு முக்கியம்.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் வார்னரின் ‘தி ட்ரபிள் வித் நார்மல்’ (1999) புத்தகத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஒருபாலினத்தவருக்குக் கல்யாண உரிமை கேட்கும் போராட்டமே கல்யாணத்துக்கு வெளியே இருப்பவர்களை இன்னும் தள்ளிவிடுகிறது என்பது அவர் வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான், சட்டமே குற்றவாளி என்று சொல்லும் நாட்டில் அந்த உரிமையை வேண்டாம் என்று சொல்லும் வசதி எல்லோருக்கும் இல்லை. இதைத் தனியாக வாசிக்காமல், கல்யாணம் கட்டிப் பல வருடம் ஆன ஓர் அக்காவோடு உட்கார்ந்து பேசுங்கள், கல்யாணத்தைப் பற்றி வார்னர் தொடாத கேள்விகளை அவர் கேட்பார்.